நாலு நாள் ஆட்டம், யாருடைய நாலு நாள்?

2019 டிசம்பர் 9 முதல் 12 வரை, நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்த ரஞ்சி ஆட்டம். தமிழ்நாடு வெல்ல 181 ரன், 154-ல் சுருண்டது. கர்நாடகத்தின் கிருஷ்ணப்பா கௌதமுக்கு மொத்தம் 14 விக்கெட். ஸ்கோர் அட்டை இதோடு முடிகிறது. நம் வாசிப்பு இங்கேதான் தொடங்க வேண்டும்.

பம்பாயில் மதவாரியாக அணி பிரித்து ஆடினார்கள். 1934-ல் வந்த ரஞ்சியோ மாகாணங்களை, சமஸ்தானங்களை முன்னிறுத்தியது. முன்னேற்றம்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலுவுக்கு இந்து அணியின் தலைமை மறுக்கப்பட்டபோது, சாதி சந்திக்கு வந்தது. சண்டை நடந்தது, தம்பி விட்டல் 1923-ல் தலைவரானார். மாகாணம் என்ற சொல்லாடலில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. எல்லாரும் 'தமிழ்நாடு' ஆகிவிடுகிறோம்.

ஆத்தூர் டீக்கடையில் ஒருவரிடம் கேட்டேன், மேட்ச் பார்த்தீர்களா என்று. "திங்கக்கெழமைலேருந்து வியாழக்கெழம வரைக்கும்ணே. வேலைக்குப் போறதா, மேச்சு பாக்குறதா?"

இதைவிட நல்ல விமர்சனம் எனக்கு எழுத வராது. காமராஜர் அணை இருப்பது ஆத்தூரில். தண்ணீர் போவது திண்டுக்கல் நகரத்துக்கு. கிரிக்கெட்டும் அப்படித்தானா? ரஞ்சி மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. மாவட்டம் எப்போது ரஞ்சிக்குள் வரும்?