எதிர்க்கட்சிக்காரரின் கடிதமும் நம் பதிலும்

1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலை இரட்டை இலைச் சின்னம் அறிமுகமான தேர்தல் என்றே பேசிப் பழகிவிட்டோம். தொடங்கி ஏழே மாதமான அ.தி.மு.க.வின் வேட்பாளர் கே. மாயத்தேவர் 1,40,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஸ்தாபன காங்கிரஸின் என். எஸ். வி. சித்தனுக்கு இரண்டாமிடம். மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த தி.மு.க.வுக்கு மூன்றாமிடம். அதே மாதம் 11ஆம் தேதி எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ திரைக்கு வந்ததையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வார்கள். அவையெல்லாம் இருக்கட்டும். அந்தத் தேர்தலின் வேர் வேறோரிடத்தில் இருக்கிறது. கசப்பான கேள்வி ஒன்றுக்கு ஒரு கட்சி எப்படிப் பதில் சொன்னது என்பதிலிருந்துதான் அது தொடங்குகிறது.

1972 அக்டோபர் 8ஆம் தேதி திருக்கழுக்குன்றம் கூட்டத்தில் எம்.ஜி.ஆர். கட்சிக்காரர்களின் சொத்துக்கணக்கைக் கேட்டார். அப்போது அவர் தி.மு.க.வின் பொருளாளர். கணக்குக் கேட்பது பொருளாளரின் வேலைதான். ஆனால் கட்சிக்குள் கேட்கவேண்டியதைப் பொதுமேடையில் கேட்டார் என்பது தலைமையின் கோபம். அந்தக் கோபத்திலும் நியாயம் இல்லாமலில்லை. இரண்டே நாளில் தற்காலிக நீக்கம், ஒரு வாரத்துக்குள் நிரந்தர நீக்கம், 17ஆம் தேதி புதுக்கட்சி. நவம்பரில் அதே கேள்வி குற்றச்சாட்டு மனுவாகி டெல்லியில் குடியரசுத் தலைவர் வி. வி. கிரியின் கைக்குப் போனது. தி.மு.க. தரப்பு மறுத்தது, விளக்கியது, சட்டமன்றத்தில் சூடாகப் பேசியது. ஆனால் மறுப்பு வருவதற்கு முன்பே நடவடிக்கை வந்துவிட்டது. கேட்டவரை வெளியே அனுப்பிய பிறகு சொல்லப்படும் விளக்கத்தை மக்கள் வேறு காதால் கேட்கிறார்கள். திண்டுக்கல் வாக்காளர்கள் அப்படித்தான் கேட்டார்கள் என்பது என் கணிப்பு.

எதிர்த்தரப்பிலிருந்து வரும் காட்டமான கடிதத்துக்கு நம் அரசியல் உலகம் பதில் சொல்லும் பழக்கத்தை எடைபோட இந்தத் தொகுதியின் கதை எனக்கு உதவுகிறது. நம்மிடம் தனித்த ஒரு வழக்கம் உண்டு. எதிராளி எழுதுகிறார், நாம் பதிலை நம்மவருக்கு எழுதுகிறோம். அண்ணா ‘தம்பிக்கு’ என்று எழுதினார். கருணாநிதி ‘உடன்பிறப்பே’ என்று முரசொலியில் ஆயிரக்கணக்கில் எழுதினார். காங்கிரஸ்காரர் தொடுத்த கேள்வியோ, கம்யூனிஸ்டு எழுப்பிய புகாரோ, தலையங்கத்தில் வந்த கண்டனமோ, எதற்கும் மறுமொழி அந்தக் கடிதங்களுக்குள் இருக்கும். விளி மட்டும் தொண்டனை நோக்கி இருக்கும்.

இந்த வழக்கத்தை எளிதாகக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது செய்த வேலை பெரிது. பேகம்பூர் பக்கம் தோல் ஷெட்டில் வேலை பார்த்தவர்களும், நாகல்நகரிலும் சின்னாளப்பட்டியிலும் தறியில் உட்கார்ந்தவர்களும் மன்றத்துப் படிப்பகத்திலோ சலூன் பெஞ்சிலோ ஒருவர் வாசிக்கப் பலர் கேட்ட காலம் அது. ஒரு தலைவர் மத்திய அரசின் நிதிப்பகிர்வைப் பற்றி, மொழிச் சட்டத்தைப் பற்றி, எதிர்க்கட்சி வீசிய குற்றச்சாட்டைப் பற்றித் தன் தம்பியிடம் பேசுவதுபோல் எழுதினார். பள்ளிக்கூடம் பாதியில் விட்டவருக்கும் வாதம் என்றால் என்ன, மேற்கோள் எப்படிக் காட்டுவது, எதிராளி விட்ட இடைவெளி எங்கே என்பதெல்லாம் பழகின. மறுநாள் டீக்கடையில் அவர் எதிர்க்கட்சிக்காரரோடு மல்லுக்கட்டியது கையால் அல்ல, அந்த வாதத்தால். வன்முறையைக் குறைத்ததில் இந்தக் கடிதங்களுக்குப் பங்குண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். வசைக்கு வசை எழுதாமல் நையாண்டியாலும் இலக்கிய உவமையாலும் திருப்பியடிக்கும் நாகரிகமும் அவற்றில் பல இடங்களில் இருந்தது.

குறை வேறிடத்தில். கடிதம் எழுதியவர் அந்தப் பதிலில் இருக்கவே மாட்டார். அவர் என்ன கேட்டார் என்பதைப் பதிலெழுதுபவர்தான் சொல்வார். சொல்லும்போதே கேள்வி சற்றுச் சிறுத்துவிடும். பத்துக் கேள்வியில் வலுவில்லாத மூன்றை எடுத்து உடைத்துப் போட்டால் தம்பிமார் கைதட்டுவார்கள். மீதி ஏழு இருந்தது என்றே அவர்களுக்குத் தெரியாது. எதிர்த்தரப்பு ஏட்டைப் படிக்காதவருக்கு அது தெரிய வழியுமில்லை. அவரவர் கட்சிக்கு அவரவர் நாளேடு என்று ஆனபின், எதிரியை அவருடைய சொந்த வாக்கியத்தில் சந்திக்காமலே ஒரு தலைமுறை அரசியல் பேசியது. எதிர்க்கட்சிக்காரரின் கடிதம், நம் வீட்டுக்குள் நாம் நடத்திய கூட்டத்துக்குத் தலைப்பாக மட்டும் பயன்பட்டது.

இது ஒரு கட்சியின் குணமல்ல. கணக்குக் கேட்டு வெளியேற்றப்பட்டவர் முதலமைச்சராக இருந்தபோதுதான், 1987 ஏப்ரலில், அட்டையில் வந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்து, சில நாளில் விடுவிக்க வேண்டிவந்தது. கேள்வி கேட்டதற்காகத் தண்டிக்கப்பட்ட அனுபவம் ஒருவரைக் கேள்விக்குப் பொறுமையானவராக ஆக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அப்படி நடப்பதில்லை. அதிகாரத்தில் இருப்பவருக்கு வக்கீல் நோட்டீஸ், மானநஷ்ட வழக்கு, உரிமைமீறல் தீர்மானம் என்று பதிலைவிட எளிதான வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இதற்கு மாற்றான ஒரு முறையை யோசிக்கையில், திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில் சின்னாளப்பட்டிக்கருகே இருக்கும் காந்திகிராமம் நினைவுக்கு வருகிறது. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் அதைத் தொடங்கினார்கள். இருவரும் காந்தியிடம் பழகியவர்கள். காந்தி தன் ஏடுகளில் தன்னைக் கடுமையாகச் சாடி வந்த கடிதங்களை எடுத்து அச்சிட்டு, அவற்றின் கீழேயே பதில் எழுதினார். வாசகர் இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்க்கலாம். இந்த முறையின் உச்சம் 1936இல் அம்பேத்கரோடு நடந்தது. லாகூர் மாநாட்டில் பேசவிடாமல் நிறுத்தப்பட்ட உரையை அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலாக வெளியிட்டார். காந்தி ஜூலை மாத ஹரிஜனில் அதை விமர்சித்தார். விமர்சனத்தோடு நிற்கவில்லை. எட்டணா விலை அதிகம், இரண்டணாவாகவோ நாலணாவாகவோ குறைக்கலாம் என்றும் யோசனை சொன்னார். தன்னை மறுக்கும் நூலைத் தன் வாசகர் வாங்கிப் படிக்க வேண்டும் என்ற அக்கறை அது. அம்பேத்கரும் சளைக்கவில்லை. 1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் கட்டுரைகளை முழுமையாகச் சேர்த்து, அதன்பின் தன் மறுமொழியை வைத்தார்.

மனதார மதிக்கத்தக்க முறைதான். ஆனாலும் அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் அம்பேத்கரே. காந்தியின் விமர்சனம் தன் நூலின் மைய வாதங்களைத் தொடவேயில்லை என்று அவர் தன் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக் காட்டினார். சாதிக்குச் சாத்திரம் தரும் அங்கீகாரத்தை உடைக்காமல் சாதி போகாது என்பது அவர் வாதம். ஒரு மதத்தை அதன் மோசமான மாதிரிகளைக் கொண்டு அளக்காமல் மேலான மனிதர்களைக் கொண்டு அளக்கவேண்டும் என்பது காந்தியின் பதில். பண்பான, திறந்த, முகவரி தவறாத பதில். ஆனால் கேட்டதற்கு அல்ல. எதிராளியின் சொற்களை முழுதாக அச்சிடுவதால் இந்த நழுவலைக் கண்டுபிடிக்க முடிகிறது. அந்த முறையின் அசல் பலம் அதுதான், மரியாதை இரண்டாம்பட்சம். தொண்டனுக்கு எழுதிய கடிதத்தில் நடந்த நழுவலை யாராலும் சரிபார்க்க முடியாது. ஹரிஜனில் நடந்ததை அம்பேத்கரின் பிற்சேர்க்கையை வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஒரு கல்லூரி மாணவி சரிபார்க்கலாம்.

அறிஞர்களின் கடிதம் ஒருவிதம். வார்டு உறுப்பினருக்கும் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கும் வரும் கடிதம் வேறுவிதம். அதில் பாதிக்குமேல் திட்டாகவே இருக்கும். அப்பன் பாட்டனை இழுக்கும், சாதியைச் சொல்லும். அதற்குள் எங்கோ ஒரு வரியில் கிணற்றுத் தண்ணீர் மாறிப்போனது இருக்கும். திண்டுக்கல் சமவெளியில் இது கற்பனைப் பேச்சல்ல. தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த விவகாரம் கடைசியில் உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்த நிலைக்கு விஷயம் முற்றுவதற்கு முன் எத்தனை பேர் கோபமாகவும் கொச்சையாகவும் எழுதியிருப்பார்கள்! எழுதியவர் எந்தக் கட்சி என்று பார்த்து ஓரங்கட்டினால் திட்டோடு தண்ணீரும் குப்பைக்கூடைக்குப் போகிறது. உதவியாளர் முதலில் செய்யவேண்டிய வேலை அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுவது. பதிலும் அந்த வரிக்கு மட்டும் போதும். திட்டுக்குப் பதில் எழுதத் தொடங்கினால் கடிதப் போக்குவரத்து திட்டைப் பற்றியதாகிவிடும்.

மொட்டைக் கடுதாசியை என்ன செய்வது? பெயரில்லாத, பொய்ப்பெயரில் வரும் புகார்கள் மேல் நடவடிக்கை எடுக்கவேண்டாம் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999 ஜூனில் சுற்றறிக்கை அனுப்பியது. அரசு ஊழியர்களைப் பழிவாங்கும் விளையாட்டைத் தடுக்க அது தேவை. மக்கள் பிரதிநிதி அதே விதியைக் கடன்வாங்கக் கூடாது. ஊர்ப் பெரிய மனிதருக்கு அஞ்சிப் பெயரை விட்டவர் எழுதிய தகவல் சரியா என்று போய்ப் பார்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. கடிதத்தை வைத்து ஒருவர்மேல் பாயக் கூடாது, அவ்வளவுதான்.

மிரட்டலுக்குப் பதில் எழுதத் தேவையில்லை. அது போலீஸுக்குப் போகவேண்டியது. பெண்களின் விஷயத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும். 2019 மக்களவைத் தேர்தல் காலத்தில் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு ட்விட்டரில் வந்தவற்றை அம்னெஸ்டி ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஏழில் ஒன்று ஆபாசமாகவோ இழிவாகவோ தொந்தரவு தருவதாகவோ இருந்தது. எல்லாக் கடிதத்துக்கும் பொறுமையாகப் பதில் எழுதுங்கள் என்ற அறிவுரையை ஆண் தலைவர்கள்தான் சுலபமாகச் சொல்கிறார்கள். ஒரு பெண் கவுன்சிலர் மேசைமேல் வந்து விழுவது வேறு. அவர் பதிலளிக்காமல் இருப்பதை ஆணவம் என்று யாரும் சொல்லக் கூடாது.

பதில் எழுதும் மொழிகூட எதிர்ப்பாகலாம். 2020 அக்டோபரில் மதுரை எம்.பி. சு. வெங்கடேசன், மத்திய ரிசர்வ் போலீஸ் படைத் தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் மையம் கேட்டு உள்துறைக்கு ஆங்கிலத்தில் எழுதினார். இணையமைச்சர் நித்யானந்த் ராயின் பதில் இந்தியில் வந்தது. கேட்டவருக்குப் புரியாத மொழியில் தரும் பதில், பதில் மறுக்கப்பட்டதற்குச் சமம். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. எந்த மொழியில் மனு வருகிறதோ அதே மொழியில் பதில் தரவேண்டும் என்று 2021 ஆகஸ்டில் நீதிபதிகள் கிருபாகரனும் துரைசாமியும் உத்தரவிட்டார்கள். 2024இல் ரயில்வே இணையமைச்சர் ரவ்னீத் சிங் பிட்டுவின் இந்திக் கடிதத்துக்குத் தி.மு.க. எம்.பி. எம். எம். அப்துல்லா தமிழில் பதில் எழுதினார். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பதில் நம்மூரில் கைதட்டலுக்குப் போய்ச் சேர்ந்த வேகத்தில் டெல்லியில் எந்த மேசைக்கும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. பழைய ‘தம்பிக்கு’ முறையின் பலமும் குறையும் அதிலும் இருக்கின்றன.

இதே விவகாரத்தில் நல்ல பதிலுக்கும் ஒரு முன்மாதிரி கிடைக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் 9,212 இடங்களுக்கான அறிவிப்பு வந்தது; அதில் 579 தமிழ்நாட்டுக்கு. தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், அரசியலில் நேரெதிரே நிற்கும் அமித் ஷாவுக்குக் கடுமையாகவே எழுதினார். ஒரு வாரம் கழியும்முன், ஏப்ரல் 15ஆம் தேதி, மத்திய ஆயுதப் படைகளின் காவலர் தேர்வைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடத்துவதாக உள்துறை அறிவித்தது. இரு தரப்பும் வெற்றியைத் தம் பக்கம் எழுதிக்கொண்டன, எழுதிக்கொள்ளட்டும். கடிதத்தின் கடுமையைப் பற்றி உள்துறை சண்டைக்கு நிற்கவில்லை, கேட்டதைக் கொடுத்தது. 2024 பிப்ரவரி 10 முதல் மார்ச் 7 வரை 128 நகரங்களில் ஏறத்தாழ 48 லட்சம் பேருக்கு அந்தத் தேர்வு நடந்தது. வேடசந்தூரிலிருந்தோ நத்தத்திலிருந்தோ எழுதப் போன பிள்ளைகள் கேள்வியைத் தமிழில் படித்தார்கள்.