கிட்னி நாய்க்குத் தயிர்சாதம் போதுமா?

ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 3.4 என்று வந்த அன்றே, நம் வீடுகளில் நாயின் தட்டிலிருந்து கறியும் முட்டையும் போய்விடுகின்றன, தயிர்சாதம் வந்துவிடுகிறது. சிறுநீரகம் கெட்டால் புரதம் ஆகாது என்ற எண்ணத்தை முழுத் தவறென்று தள்ளிவிட முடியாது. புரதம் சிதைந்து உண்டாகும் கழிவுகள் ரத்தத்தில் தேங்குவதால்தான் குமட்டல், வாய்ப்புண், சாப்பாட்டு வெறுப்பு எல்லாம் வருகின்றன. கழிவு குறைந்தால் பிராணிக்கு ஆசுவாசம் கிடைக்கும். புளி சேர்ந்த சாம்பார் சாதத்தைவிடத் தயிர்சாதம் மேல் என்றும் சொல்லலாம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் நாயின் சிறுநீரகத்தைத் தாக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

உணவு மாற்றத்துக்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. 2006இல் வெளியான ஆய்வொன்றில், நோயுற்ற 45 வீட்டுப் பூனைகளை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். சிறுநீரக நோய்க்கான தனி உணவு தின்ற 22 பூனைகளில் ஒன்றுக்குக்கூடக் கழிவு நச்சேறிப் படுத்துவிடும் நிலை வரவில்லை. வழக்கமான உணவு தின்ற 23இல் சுமார் கால்பங்குக்கு வந்தது. நாய்களிலும் 2002இல் இதே போக்கு தெரிந்தது.

ஆனால் அந்தத் தனி உணவில் குறைக்கப்பட்டது புரதம் மட்டுமல்ல. பாஸ்பரஸையும் குறைத்து, ஒமேகா-3 கொழுப்பு சேர்த்து, ரத்தத்தின் அமிலத்தன்மை ஏறாதபடி தயாரித்திருந்தார்கள். பலனில் எதன் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வுகள் பிரித்துக் காட்டவில்லை. பாஸ்பரஸுக்கே பெரும்பங்கு என்பது என் கணிப்பு. அது ரத்தத்தில் ஏறினால் பாராதைராய்டு ஹார்மோன் கூடுகிறது, எலும்பு கரைகிறது, மிஞ்சியிருக்கும் நல்ல சிறுநீரகத் திசுவிலும் சுண்ணாம்பு படிகிறது. பாலிலும் தயிரிலும் பாஸ்பரஸ் கணிசமாக உண்டு. நாம் நிறுத்திவிட்ட முட்டையின் வெள்ளைக்கருவிலோ தரமான புரதம் இருக்கிறது, பாஸ்பரஸ் மிகக் குறைவு. விலக்க வேண்டியவை மஞ்சள்கரு, எலும்பு, ஈரல், கருவாடு.

இன்னொரு கேடு கண்ணுக்குப் படுவதில்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. போதிய புரதமில்லாமல் தசை கரைந்தால் அந்த எண்ணும் இறங்கும். சில மாதம் கழித்து 2.6 என்று வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நாயின் முதுகில் கை வைத்துப் பாருங்கள்: முள்ளெலும்பு ஒவ்வொன்றும் விரலில் தட்டும், கண்ணுக்கு மேலே நெற்றியின் இருபுறமும் குழி விழுந்திருக்கும். குணமாகவில்லை, உருகியிருக்கிறது. நோயின் நிலையை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐரிஸ், தசையை அவ்வளவாகச் சாராத எஸ்டிஎம்ஏ அளவையும் கிரியேட்டினினோடு சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். அந்தச் சோதனைக்கு வசதியில்லாத ஊரில் மாதாமாதம் எடை பார்ப்பதே பெரிய உதவி. பூனையைத் தயிர்சாதத்தில் வைப்பதோ கொடுமை. இறைச்சியிலிருந்து கிடைக்கும் டாரின் இல்லாமல் அதன் கண்ணும் இதயமும் கெடும்.

கடையில் விற்கும் தனி உணவிலும் குறைகள் உண்டு. விலை அதிகம், பல பிராணிகள் முகர்ந்துவிட்டுப் போய்விடும். அதைக் கொடுக்கத் தொடங்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. டிரிப்ஸ் ஏறிக்கொண்டு குமட்டலோடு கிடக்கும் பூனைக்கு முதன்முதலாக அதை நீட்டினால், அந்த வாசனையே பிறகு வெறுத்துப்போகும். தண்ணீர் அதிகம் குடித்து எடை குறையத் தொடங்கும், ஐரிஸ் வகுத்த இரண்டாம் நிலையிலேயே, பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து சில வாரங்களில் பழக்க வேண்டும். அறவே தொடவில்லையென்றால் பட்டினி போடக் கூடாது. சில நாள் பட்டினியிலேயே பூனையின் ஈரலில் கொழுப்பேறிவிடும். பிடித்த உணவையே கொடுத்து, பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் மருந்தை அதிலேயே பிசைந்து வைக்கலாம். வெறும் வயிற்றில் கொடுத்தால் அந்த மருந்துக்குப் பிடிக்க ஒன்றுமிருக்காது. எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிக்க ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு தெரிய வேண்டும். இரண்டாம் நிலையில் அது 4.6க்குள் இருப்பது நல்லது. கிரியேட்டினினுக்கு எடுக்கும் அதே ரத்தத்தில் இதையும் பார்த்துவிடலாம். சீட்டில் எழுதவில்லையென்றால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.