திரும்பி வருவதாகச் சொல்லிப் போனவர்கள்

கரிசல் இலக்கியம் என்றதும் நம் விமர்சகர்களுக்கு மண்வாசனை வந்துவிடுகிறது. வெயில், பருத்தி, கம்மஞ்சோறு, வட்டார வழக்கு, வெள்ளந்தி மனுசர். பட்டியல் முடிந்தால் விமர்சனமும் முடிந்தது. இந்தச் சொல்லாடல் தொடர்ந்து மௌனமாக்கும் ஒன்று உண்டு: கரிசலிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

பிரதிகளையே எடுத்துக்கொள்வோம். கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) வடக்கிருந்து தப்பி ஓடிவந்தவர்கள் காட்டை எரித்து ஊர் உண்டாக்கிய கதை. கு.அழகிரிசாமியின் ‘திரிபுரம்’ பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பும் தாய், மகளின் கதை. வேர் பற்றிப் பேசுவதாக நாம் கொண்டாடும் பிரதிகளுக்குள் பெயர்வுதான் இயங்குகிறது. இவற்றை மண்ணின் கதையாக மட்டும் வாசிக்கப் பழகியது யாருடைய கண்?

எழுதியவர்களின் வாழ்க்கையும் இதையே சொல்கிறது. இருவரும் கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர்கள், சேக்காளிகள். கி.ரா. ஊரில் இருக்க, அழகிரிசாமி சென்னை போனார். 1952இல் கோலாலம்பூர் ‘தமிழ் நேசன்’ பத்திரிகைக்குப் போனார். 1957இல் திரும்பினார். அங்கே கழிந்த அந்த ஐந்து வருஷம் மலேசியச் சிறுகதை வரலாற்றில் பேசப்படுகிறது. கரிசல் வரலாற்றிலோ அடிக்குறிப்பாகக் கிடக்கிறது. அவர் ‘இங்கே இல்லாத’ காலத்தை என்ன செய்வதென்று நம்முடைய வட்டார விமர்சனத்துக்குத் தெரியவில்லை.

ஆனால் அழகிரிசாமி போனது பத்திரிகை வேலைக்கு. போனதற்கும் வந்ததற்கும் எழுத்தில் சாட்சி இருக்கிறது. தேயிலைக்கும் ரப்பருக்கும் போன கூலிகளுக்கு அது இல்லை. இலங்கைத் தோட்டத்தைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் 1930களிலேயே எழுதிவிட்டார். தலைமுறைகள் கழித்து, 1964இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவுசெய்தது. ‘கொஞ்ச வருஷம் பாடுபட்டுட்டு வந்துருவோம்’ என்று கடல் தாண்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் ‘திரும்புதல்’ அரசாங்க ஆணையாக வந்தது. அவர்கள் பார்த்தே இராத ஊர் அவர்களுடைய ஊராயிற்று.

இன்றைக்குச் சொல் மாறவில்லை, திசைதான் மாறியிருக்கிறது. ‘ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். கடனை அடைச்சு, வீட்டைப் போட்டுட்டு வந்துருவேன்.’ வளைகுடாவுக்குக் கிளம்புகிறவரின் இந்தத் திட்டத்தைப் பேராசை என்கிறார் ஊர்ப் பெரியவர். அரசியல் தெளிவின்மை என்கிறார் தோழர். இரண்டும் சோம்பேறி வாசிப்புகள். மானாவாரிக்காரன் மழைக்கு முந்தியே புழுதியில் விதைபோட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறவன். ஏஜெண்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டுவதும் அதே கணக்குத்தான். வித்தியாசம் ஒன்று உண்டு: மழை பொய்த்தால் பக்கத்துக் காட்டுக்காரனும் சேர்ந்து வாடுவான். ஏஜெண்டு பொய்த்தால் இவன் மட்டும்தான். முதல் வருஷச் சம்பளம் வட்டிக்குப் போகும்போது ‘ரெண்டு வருஷம்’ நாலாகிறது. காலத்தை நீட்டுவது கடன். அதற்கு ஆசை என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் கேட்கவேண்டும். மண்ணைப் பிரிகிற துக்கம் யாருக்கு? காடு வைத்திருப்பவருக்கு அது இழப்பு. ஒரு குறுக்கம்கூட இல்லாத தலித் இளைஞனுக்கு ஊரைவிட்டுப் போவது பிழைப்பு. கூடவே, ‘எந்தத் தெரு?’ என்ற கேள்வியிலிருந்து கொஞ்ச காலம் விலகியிருப்பதும்கூட. அங்கே பாஸ்போர்ட்டை வாங்கிவைத்துக்கொள்ளும் முதலாளி இருக்கலாம், முகாம் அறைக்குள்ளும் சாதி வந்து சேரலாம். ஆனாலும் அவன் போக நினைப்பதற்குள் ஒரு விமர்சனம் இருக்கிறது. அது இந்த ஊரைப் பற்றிய விமர்சனம். நம் மண்வாசனைக்காரர்கள் எழுதாத விமர்சனம்.

போகாமல் இருப்பவளுக்கும் இந்தத் திட்டத்தில் பங்குண்டு. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கும் போய், காட்டையும் பார்த்து, வட்டிக்காரனுக்கும் பதில் சொல்கிறவள் அவள்தான். நமது கதைகளில் அவள் ‘காத்திருப்பவள்’. காத்திருக்க அவளுக்கு நேரம் ஏது?

எனவே எழுதுகிறவர்களிடம் கேட்பது இதுதான். வழக்குச் சொற்களைச் சேகரித்த அக்கறையோடு கான்ட்ராக்ட் தாள்களையும், கடன் நோட்டுகளையும், போன கடிதங்களையும், இப்போது போகிற குரல்பதிவுகளையும் சேகரியுங்கள். இயக்கத் தோழர்கள், போகிறவனுக்குப் புத்தி சொல்லுமுன் அவன் கையெழுத்துப் போடப்போகும் தாளை வாங்கி அவனோடு உட்கார்ந்து வாசியுங்கள். கரிசலின் எழுதப்படாத பிரதி அதில் இருக்கிறது.