நல்லதங்காள் கதையில் கற்பும் உரிமையும்

கிரிம் உடன்பிறந்தோர் 1812இல் வெளியிட்ட வெண்பனி இளவரசி கதையில் சிறுமியைக் கொல்ல முனைபவள் பெற்ற தாயே. 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்படுகின்றாள். தாய்மையின் புனிதத்தைக் காக்கும்பொருட்டுக் கொடுமை வேறொரு பெண்மேல் ஏற்றப்பட்டது.

தமிழில் நல்லதங்காள் கதைப்பாடலும் இத்தகையதே. பஞ்சத்தால் ஏழு பிள்ளைகளுடன் பிறந்தகம் வந்தவளுக்கு அண்ணி மூளி அலங்காரி சோறு மறுக்கின்றாள். அவள் தந்த ஈர விறகும் நல்லதங்காளின் கற்பால் எரிகின்றது. எனினும் பிள்ளைகளைக் கிணற்றில் வீசித் தானும் மாய்வதே அவள் முடிவாகின்றது. பழி அண்ணியைச் சேர்கின்றது. அண்ணன் நல்லதம்பி தண்டிப்பவனாக நிற்கின்றான். தந்தை வீட்டில் மகளுக்குப் பங்குண்டா என்னும் வினா எழவேயில்லை.

அவ்வினாவைச் சட்டமே எழுப்பியது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989இலும் மகாராட்டிரத்தில் 1994இலும் வழங்கப்பட்டது. ஆயினும் அதற்குமுன் மணமான பெண்கள் விலக்கப்பட்டனர்; நல்லதங்காளுக்கு அச்சட்டங்களிலும் இடமில்லை. 2005ஆம் ஆண்டு நடுவண் திருத்தமே அவ்வேறுபாட்டை நீக்கியது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைத் தாராவியில் குடியேறிய குடும்பங்களின் மகளிர்க்குப் பிறந்தகம் தொலைவிலுள்ளது. அங்கு அவர்கள் விருந்தினரா, உரியவரா என்பதைக் கற்பைப் போற்றும் கதை கூறாது. இக்கதையை மறுவாசிப்புச் செய்வோர் அண்ணியின் கொடுமையை விடுத்து, அண்ணனின் உடைமையை ஆராய்தல் வேண்டும்.