பேனை எறியும் ஆசிரியையும் பனிக்கட்டி மனிதனும்

கார்ட்டூன் தொடர்கள் விமர்சனத்துக்கு உரியவையா என்று நம் எழுத்தாளர் சிலர் கேட்கக்கூடும். நமது பிள்ளைகளில் பலர் இன்று கதை என்ற ஒன்றை முதலில் சந்திப்பது அங்கேதான். முஸ்லிம்களே உருவாக்கிய இரு சுப்பர் ஹீரோ தொடர்கள் நமது கவனத்துக்குரியன. குவைத்தின் உளவியலாளர் நாயிப் அல் முதவ்வா 2006இல் சித்திரக்கதையாகத் தொடங்கி 2011இல் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த 'த 99' ஒன்று. பாகிஸ்தானிய பாடகர் ஹாரூனின் 'புர்கா அவெஞ்சர்' (2013) மற்றையது. பின்னையது 2015இல் இந்தியாவின் ஸீ கியூ அலைவரிசையில் தமிழ்க் குரலிலும் வந்தது.

'த 99' இன் கரு செழுமையானது. 1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தபோது அதன் நூலகத்து அறிவு 99 கற்களில் காப்பாற்றப்படுகின்றது. கல் கிடைத்தவர் ஆற்றல் பெறுகின்றார். அஸ்மாஉல் ஹுஸ்னாவை ஒட்டிப் பாத்திரங்களுக்குப் பெயர் சூட்டியது எதிர்ப்பைக் கிளப்பியது. அதை உலமாக்களிடம் விடுவோம். கதை என்ற வகையில் குறை வேறு. வீரர்கள் வந்துகொண்டே இருக்கின்றார்கள். கல் அறிமுகமாகின்றது, ஆற்றல் அறிமுகமாகின்றது, மனிதர் அறிமுகமாவதில்லை.

'புர்கா அவெஞ்சர்' இதைவிட மேல். ஹல்வாபூர் பெண்கள் பாடசாலை ஆசிரியை ஜியா, புத்தகத்தையும் பேனையையும் எறிந்து போரிடுகின்றாள். (ஆசிரியத் தொழில் செய்பவனுக்கு இதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தானே செய்யும்!) வகுப்பில் அவள் புர்கா அணிவதில்லை, அது அடையாளத்தை மறைக்க மட்டுமே. 2019 ஏப்ரலில் அவசரகால விதியின் கீழ் முகத்திரை தடைசெய்யப்பட்ட நாட்டிலிருந்து பார்க்கும் நமக்கு, அவ்வுடையை வெறும் முகமூடியாக எடுத்துக்கொள்வது இலகுவல்ல.

முதல் அத்தியாயத்தில் பாடசாலையை மூட இருவர் முனைகின்றனர். அரசியல்வாதி வதேரோ பஜேரோவுக்கு நன்கொடைப் பணத்தை விழுங்க வேண்டும், விளங்குகின்றது. பாபா பந்தூக்குக்கு? கொட்டாஞ்சேனையில் ராத்தா வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகன் கேட்டான்: "மாமா, இந்தத் தாடிக்காரருக்கு ஸ்கூல் மேல என்ன கோபம்?" தொடரிடம் பதிலில்லை. பெண் வீட்டோடு இருக்க வேண்டும் என்கிறார், தோற்கிறார், மறுவாரம் மீண்டும் வருகிறார்.

1992இல் வந்த பேட்மேன் தொடரின் 'ஹார்ட் ஒஃப் ஐஸ்' அத்தியாயத்தை அருகில் வைத்துப் பாருங்கள். அதுவும் ஏறத்தாழ 22 நிமிடந்தான். குளிரால் கொல்லும் மிஸ்டர் ஃப்ரீஸ், தீராத நோயுற்ற மனைவியை உறைநிலையில் வைத்துக் காப்பாற்ற முயன்ற விஞ்ஞானி. முதலாளி அம்முயற்சியை நிறுத்திவிடுகின்றார். அவன் தோற்பது நமக்கு வெற்றியாகப் படவில்லை. எதிராளிக்கு ஒரு மனம் கிடைத்துவிட்டது.

இதை அமெரிக்கரிடந்தான் கற்க வேண்டுமா? குர்ஆன் மிக அழகிய சரித்திரம் என எடுத்துக்கூறும் யூஸுப் நபியின் வரலாற்றில், கிணற்றில் தள்ளிய சகோதரர்களின் உள்ளமும் சொல்லப்படுகின்றது. தந்தையின் அன்பு தங்களுக்குக் குறைந்துவிட்டதென்ற ஏக்கம் அது. நமது சிறுவர் கதைகளை எழுதுவோர் இதை மறந்து, கெட்டவனைக் கெட்டவன் என்று அறிவித்துவிட்டு உபதேசத்துக்குப் போய்விடுகின்றனர்.

எமது கிராமங்களில் தரம் ஒன்பதோடு மகளை நிறுத்தும் வாப்பாவின் கையில் துவக்கு இல்லை. பஸ் ஓடாத பாதையும், ஊர்வாயும், வயதுக்கு வந்த பிள்ளை பற்றிய பயமும் இருக்கின்றன. அவரோடு பேச வரும் ஒரு ஜியாவை இன்னும் யாரும் வரையவில்லை.