கொல்லிமலையில் ஒன்பது கேள்விகள்

மனநலத் துறைக்கான ஆய்வு முறைகளை ஒரு வருசமா நானா படிச்சுக்கிட்டிருக்கேன். நான் பார்த்த பாடங்கள் எல்லாமே புள்ளியியலில்தான் ஆரம்பிக்குது: பி-மதிப்பு, மாதிரி அளவு, குரோன்பாக் ஆல்ஃபா. இன்ஜினியருக்கு அது சுகமான இடம். கேட்கிற கேள்வி சரியானதா என்பது கடைசிப் பாடம், பாதிப் பேர் அதுவரைக்கும் வர்றதே இல்ல. இந்த வரிசை தலைகீழ்னு எனக்குப் புரிந்தது கொல்லிமலையில்.

மனநல ஆலோசகரான நண்பரோடு செம்மேடு பக்கம் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். கையில் பிஎச்க்யூ-9 தமிழ்ப் படிவம். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஓர் ஆயாவுக்கு 11 வந்தது. தூக்கம் 3, ஏன்னா ராத்திரியில் மரவள்ளிக் காட்டில் பன்றிக்காவல். சோர்வு 3, அதே காவல். பசி 2. அசைவு மந்தம் 3, மூட்டுவலி. கவனம் பற்றிய கேள்வி பேப்பர் படிப்பதையும் டிவி பார்ப்பதையும் உதாரணமாகச் சொல்கிறது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, வீட்டில் டிவி இல்லை. நண்பர் கொஞ்சம் முழிச்சிட்டு 0 போட்டார். மனசு சோர்வா இருக்கான்னு கேட்டதுக்கு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி." அதுக்கும் 0.

படிவத்தை மடிச்சு வச்சு டீ குடிக்கும்போது சொன்னார்: "மவன் போனதுலருந்து நெஞ்சுல கல்லு வச்ச மாதிரியே இருக்கு."

ஆக, 11 சரியாகவே இருக்கலாம். வந்த வழி தப்பு. சாஃப்ட்வேரில் இதைவிட மோசமான பக் கிடையாது: டெஸ்ட் பாஸ் ஆகுது, தப்பான காரணத்துக்காக. ஆல்ஃபா இதைப் பிடிக்காது. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுதா என்று மட்டும்தான் அது பார்க்கும். பன்றிக்காவல் தூக்கத்தையும் சோர்வையும் சேர்த்தே கெடுப்பதால் ஆல்ஃபா இன்னும் உசந்துதான் நிற்கும்!

படிவத்தையே குறை சொல்லல. 2001-ல் குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் மூவரும் 6000 அமெரிக்க நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். அவர்களில் 580 பேரிடம் மனநல நிபுணர் தனியாகப் பேசி ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த 10-க்கு பலம் அங்கிருந்து வருது. அந்த 580 பேரில் பன்றிக்காவலுக்குப் போனவர் எத்தனை பேர் இருந்திருப்பாங்க?

விக்ரம் படேல் 1990களில் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் எதிர்முனையில் இருந்து தொடங்கினார். ஷோனா மொழி பேசுபவர்கள் தங்கள் துன்பத்தை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று நோயாளிகளிடமும் நாட்டு வைத்தியர்களிடமும் முதலில் கேட்டார். ‘குஃபுங்கிசிசா’, அதாவது ரொம்ப யோசிக்கிறது, அப்படிக் கிடைத்த ஒரு சொல். அதிலிருந்து வந்தது 14 கேள்விகள் கொண்ட படிவம். நான் படிச்ச பாடங்களில் இதுக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கல.

நண்பர் அந்த 11-ஐக் கணக்கில் சேர்க்கணுமான்னு கேட்டார். நம்பர் இருக்கட்டும், ஆயாவை முதல்ல போய்ப் பாருங்கன்னேன். வர்ற சனிக்கிழமை போறோம், படிவம் இல்லாம.