அடுப்படிச் சுவரில் ஒரு கோயில்

ரோமானியரின் பெருங்கோயில்களைவிட அவர்கள் வீட்டுக்குள் வைத்திருந்த லராரியம்தான் எனக்குப் பிடிக்கும். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை பொம்பே நகரைச் சாம்பலால் மூடியதால், இந்தப் பூசை மாடங்கள் பல இன்றும் மிஞ்சியிருக்கின்றன. வசதியில்லாதவர் சுவரில் ஒரு மாடக்குழி குடைந்தார். அதற்கும் வழியில்லை என்றால் படம் மட்டும் வரைந்தார். பல வீடுகளில் இடம் அடுப்படிதான்.

பொம்பேயில் வெட்டியர் (Vettii) குடும்பத்து வீட்டின் லராரியம் இவற்றில் பேர்பெற்றது. சமையலறைக்குப் பக்கத்துச் சிறு முற்றத்தில், இரு தூண்களும் முக்கோண முகப்புமாகக் கோயில் வாசலைச் சுவரிலேயே எழுப்பியிருக்கிறார்கள். நடுவே முக்காடிட்டு நிற்பவர் குடும்பத் தலைவரின் காவல் தெய்வமான கீனியஸ். இருபுறமும் கொம்புக் கிண்ணத்தை உயர்த்தி ஆடுபவர்கள் வீட்டைக் காக்கும் லாரேஸ் தெய்வங்கள். கீழே, பலிபீடத்தை நோக்கி ஊர்ந்துவரும் பாம்பு.

கட்டி முடித்தவுடன் மாடம் முழுமை பெற்றுவிடாது. விழா நாள்களில் அடுப்புக்கு மாலை சூட்டினார்கள். சாப்பாட்டில் ஒரு பங்கு படைத்தார்கள். பருவமடைந்த பையன் தன் கழுத்துத் தாயத்தைக் கழற்றி லாரேஸுக்குக் காணிக்கையாக்கினான். தலைமுறைக்குத் தலைமுறை அழகு கூடியது இப்படித்தான்.

கி.பி. 392இல் கிறிஸ்தவரான பேரரசர் தியோடோசியஸ் இந்த வீட்டு வழிபாட்டையும் தடை செய்தார். விளக்கு, நறும்புகை, மாலை என்று ஒவ்வொன்றையும் சொல்லியே தடுக்கிறது அந்தச் சட்டம். பேரரசே அஞ்சும் அளவுக்கு அந்தச் சின்ன மாடத்துக்கு வலு இருந்திருக்கிறது.